கீழ் டிவிஷன் பாட்டு

ஸ்டேஷன்ல இருக்க சின்னப் புள்ளைங்க போன வாரம் வீட்டுக்கு வந்துச்சுங்க. "கனியக்கா, ஆண்டு விழா வருது. உங்க அனுபவத்த ஒரு அஞ்சு நிமிஷம் பேசித் தாங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்"னு ஒருத்தி போன நீட்டுனா. ஏண்டி, பாதி ஆயுசு அந்த மைக்கு முன்னால உக்காந்திருக்கேன், அதுக்கு அஞ்சு நிமிஷமா? பேசல, வேணா எழுதித் தர்றேன்னு சொல்லி, டீயக் குடுத்து அனுப்பிட்டேன். முட்டி வலி, கண்ணும் முன்ன மாதிரி இல்ல, எழுதவும் அலுப்பாத்தான் இருக்கு. ஆனா பேனா எடுத்தா ஒரே ஒரு விஷயந்தான் முன்னால வந்து நிக்குது. அத இதுக்கு முன்னாடி வெளிய சொல்லியிருக்க முடியாது. இப்ப எஸ்டேட்டு லயத்து வீடுகளுக்குப் பக்கத்துலயே டவர் வந்துருச்சு, எல்லார் கையிலயும் போன் அடிக்குது. இனிமே அந்த ரகசியத்தக் கட்டிக் காத்து என்ன ஆகப் போகுது?

மூணாறு பஜாருல ஒரு பாத்திரக்கட மாடியில ரெண்டே ரூமு, அதுதான் எங்க ரேடியோ ஸ்டேஷன். சுத்தி இருக்க மலையத் தாண்டுனாக் கேக்காது. காலையில மலையாளத்துல பஞ்சாயத்துச் செய்தி, மார்க்கெட் நிலவரம். சாயங்காலம் முழுக்கத் தமிழ்ல பழைய பாட்டு. அந்தப் பழைய பாட்டு நேரம் என்னோடது. நான் எஸ்டேட்டுல கீழ் டிவிஷன் லயத்துல பொறந்தவ, கொழுந்து கிள்ளுனவ மக. தொண்ட நல்லா இருக்குன்னு எடுத்தாங்க. மைக்குல மூச்சு எரையாமப் பேசக் கத்துக்கவே ஒரு மழக்காலம் போச்சு. அந்தக் கதையெல்லாம் எல்லா ரிட்டயர்டு ஆளுகளும் சொல்லுறதுதான், விட்டுருவோம்.

எங்க பழைய மேனேஜர் ராமையா சாரப் பத்தித்தான் சொல்லணும். தேயில பாக்டரி ஆபீசுல வேல பாத்து ரிட்டயர் ஆகி வந்தவரு. சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. கோவம் வந்தா மூக்குக் கண்ணாடியக் கழட்டித் துண்டால தொடைப்பாரு. தொடைச்சு முடிக்கிற வரைக்கும் நாம எதுத்தாப்லயே நிக்கணும். அப்புறம் மாட்டிக்கிட்டு "நல்லதும்மா"ன்னு ஒரு வார்த்த, அதோட சரி. பாட்டு முடியுறதுக்கு முன்னாடி அது மேல ஏறிப் பேசுனா மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "பாடுறவன் மூச்ச விட்டு முடிக்கட்டும், அப்புறம் நீ வா"ம்பாரு. நான் பேசிக்கிட்டு இருக்கும்போது கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு பாப்பாரு. ஒரு விரல மடக்குனா மெதுவாப் பேசுன்னு அர்த்தம். ரெண்டு விரல மடக்குனா வாய மூடுன்னு அர்த்தம். எனக்குப் பெரும்பாலும் ரெண்டு விரல்தான்.

அப்பெல்லாம் ஆனை எறங்குனா ரேடியோவுல நேராவே சொல்லிருவோம். "கீழ் டிவிஷன் ஆத்துப் பாலத்துக்கிட்ட ஆனை நிக்குது, யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னு. புண்ணியமாப் போகும்னு நெனச்சுத்தான் சொன்னோம். ஆனா ரேடியோ கேக்குறது லயத்து ஆளுக மட்டும் இல்லியே, டூரிஸ்ட்டுக்கு ஜீப் ஓட்டுற பயலுகளும் கேப்பானுங்க. ஆனை பாக்கணும்னு வந்தவனுக்கு நாங்களே வழி சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு. ஒரு நாள் சாயங்காலம் நான் சொல்லி வாய மூடல, சுடலைன்னு ஒரு பய, அவனும் எங்க கீழ் டிவிஷன் பார்வதி மகன்தான், ஜீப் நெறைய ஆளுகள ஏத்திக்கிட்டு நேராப் பாலத்துக்கே போயிட்டான். அவன் பின்னாடியே இன்னும் ரெண்டு வண்டி. ஆரன் அடிச்சு, லைட்டப் போட்டு, போட்டோ புடிக்கிறேன்னு ஒரே அமர்க்களம். ஆனை மெரண்டு லயத்துக்குள்ள ஓடியாந்து, எந்தங்கச்சி பொன்னுத்தாயி வீட்டு அடுப்படிச் செவுரத் தள்ளிட்டுப் போயிருச்சு. அந்தச் செவுத்து ஓரமாத்தான் அவ மக செல்வியத் துணியில போட்டு வச்சிருந்தா, கைக்கொழந்த. அழுகுதேன்னு அப்பத்தான் பால் குடுக்க எடுத்திருக்கா. எடுக்கலன்னா கொழந்த இல்ல.

மறுநா நான் ஜீப் ஸ்டாண்டுக்கே போயி, சுடலைய நாலு பேருக்கு முன்னால வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அதுக்கப்புறம் அவன் எதுத்தாப்ல வந்தாக்கூட நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவேன்.

ராமையா சார் அன்னைக்குக் கண்ணாடிய ரொம்ப நேரம் தொடைச்சாரு. இனிமே ஆனைங்கிற வார்த்த இந்த மைக்குல வரக்கூடாதுன்னாரு. "அப்ப நம்ம சனங்களுக்கு எப்படி சார் தெரியும்?"னு கேட்டேன். "நம்மகிட்டப் பாட்டு இருக்குல்லம்மா"ன்னாரு.

டிவிஷனுக்கு ஒரு பாட்டுன்னு பிரிச்சோம். எந்த டிவிஷன்ல ஆனை நிக்குதோ அந்த டிவிஷன் பாட்டு போகும். மத்த பாட்டுக்கெல்லாம் படம் பேரு, பாடுனவங்க பேரு சொல்லித்தான் போடுவேன். இதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பாட்டு தானா வரும். கீழ் டிவிஷனுக்குக் குடுத்தது ஒரு பொம்பளக் குரல் பாட்டு, மெதுவாப் போகும், வரேன்னு சொல்லிட்டு வராதவனக் கூப்புடுற பாட்டு. இத எதையும் காயிதத்துல எழுதக் கூடாதுன்னு சார் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. பொன்னுத்தாயி கொழுந்து நிறுக்குற எடத்துல பொம்பளைங்க காதுல போட்டா. அவங்கவங்க வீட்டுல சொல்லிக்கிட்டாங்க. ஜீப்புக்காரனுக்கு மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு மாரியம்மன் கோயில் வாசல்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனாங்க.

சேதி வந்தா உடனே பாட்டப் போட்டுற முடியாது, அதுக்கு ஒரு மொற உண்டு. டிவிஷன் டிஸ்பென்சரியில இருக்க லேண்ட்லைன்ல இருந்துதான் கூப்புடுவாங்க. நாங்க கேக்குறது மூணே மூணு. யாரு பேசுறது? நீ உன் கண்ணால பாத்தியா? ஆனை தல எந்தப் பக்கம் திரும்பி இருக்கு? "பாத்ததாச் சொன்னாங்க"ன்னு இழுத்தா, பாத்தவள வந்து பேசச் சொல்லுன்னு வச்சிருவோம். அப்புறம் எதுத்த மலையில இருக்க டிஸ்பென்சரிக்கு ஒரு போனப் போட்டு, அங்க இருந்து தெரியுதான்னு கேட்டுக்குவோம். ஓடிக்கிட்டு இருக்க பாட்ட நடுவுல அறுக்கக் கூடாது. அது முடிஞ்சதும் டிவிஷன் பாட்டு, அப்புறம் வேற ஒண்ணு ரெண்டு, திரும்ப டிவிஷன் பாட்டு. வெலகிருச்சுன்னு போன் வர்ற வரைக்கும் இப்படியே ஓடும். வெலகுனதுக்கு அறிவிப்பு ஒண்ணும் கிடையாது. பாட்டு வரலன்னா வழி சுத்தம்னு அர்த்தம். சாயங்கால பஸ்ஸுல வந்து எறங்குறவங்க, கீழ டீக்கடையில நின்னு ரேடியோவக் காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் தேயிலைக்குள்ள ஏறுவாங்க. அந்த எடத்துல போன் சிக்னல் மருந்துக்கும் கிடையாது.

இதுல ஒரு தொல்ல, அந்தப் பாட்டுகள நேயர் விருப்பத்துல போட முடியாது. பஜாருப் பக்கம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கீழ் டிவிஷன் பாட்டக் கேட்டு மாசம் தவறாமக் கார்டு போடுவாரு. அவரு கல்யாணம் ஆன புதுசுல வந்த பாட்டாம். "ரெக்கார்டு கீறிருச்சுங்க சார்"னு சமாளிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் மாடி ஏறி நேராவே வந்துட்டாரு. "ஏம்மா, முந்தாநாள் ரெண்டு தடவ போட்டீங்களே, அப்பக் கீறலையா?"ன்னாரு. அது வேற ரெக்கார்டு சார், அதுவும் நேத்துக் கீறிருச்சுன்னு காதுல பூ சுத்தி அனுப்புனேன். கண்ணாடிக்கு அந்தாண்ட ராமையா சார் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.

அப்புறம் அவருக்கு ஒடம்பு முடியாம ஊருக்குப் போயிட்டாரு. அவருக்குப் பின்னால ரெண்டு மூணு பேரு வந்தாங்க, போனாங்க. கடைசியா வந்தது அனு மேடம், எறணாகுளத்துப் பொண்ணு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பொண்ணு, ஒழைக்கிறதுக்கு அஞ்சாது. ஆனா ஸ்டேஷன் மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு. வெளம்பரம் குடுக்குற ரிசார்ட்டுக்காரங்க, பழைய பாட்டு கேக்குறவங்க எதையும் வாங்குறவங்க இல்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்களாம். "சேச்சி, மாத்தலன்னா அடைச்சுப் பூட்ட வேண்டியதுதான்"னு எங்கிட்டச் சொல்லும்போது அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிருச்சு. சாயங்கால நேரம் பாதியாச்சு, பாதி காலாச்சு. வருஷம் போகப் போக எனக்கும் சண்ட போடத் தெம்பில்லாமப் போச்சு.

பாட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க, அதுவா மாத்தி மாத்திப் போடும்னாங்க. ஏத்துன மறுநாளே உச்சி வெயில்ல அது பாட்டுக்கு மேல் டிவிஷன் பாட்டப் போட்டுருச்சு. கொழுந்து கிள்ளிக்கிட்டு இருந்த பொம்பளைங்க கூடையப் போட்டுட்டு ஓடியிருக்காங்க. சூப்பர்வைசர், "ஆனை எங்க, காட்டுங்கடி"ன்னு கத்தியிருக்காரு. எனக்குச் சேதி வந்ததும் அனு மேடத்துக்கிட்டப் போயி மொத்தக் கதையையும் கொட்டிட்டேன். அந்தப் பொண்ணு வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டுச்சு. "அய்யோ சேச்சி, இத முன்னமே சொல்லக் கூடாதா?"ன்னுச்சு. அந்தப் பாட்டு அத்தனையையும் அப்பவே கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துருச்சு. உங்க சீடி பிளேயர் உங்க மேசையிலயே இருக்கட்டும், தேவப்பட்டா நடுவுல போட்டுக்கோங்க, கமிட்டி மீட்டிங்ல பேசி வேற ஏற்பாடு பண்ணலாம்னுச்சு. அதுல தப்பு சொல்ல முடியாது.

அந்த மீட்டிங்குக்கு முன்னாடியே புது மேச வந்துருச்சு.

சீசன் நேரம். பஜாரே ஜீப்பும் காருமாப் பிதுங்குது. சாயங்காலம் புது நிகழ்ச்சி தொடக்கம், ஒரு ரிசார்ட்டு மொதலாளி ஸ்பான்சர், அவரே நேரலையில வந்து பேசப் போறாரு. மத்தியானம் நான் சாப்புட்டுட்டு வாரேன், என் பழைய மேசையக் காணோம். புதுசாப் பளபளன்னு ஒண்ணு நிக்குது. மாட்ட வந்த ஆளுக பழைய சாமானையெல்லாம் ஆட்டோவுல ஏத்திக் குடோனுக்கு அனுப்பிட்டாங்களாம், என் சீடி பிளேயரும் அதோட போயிருச்சு. சீடி மட்டும் என் பையில கெடக்கு, அதப் போட அந்தக் கம்ப்யூட்டர்ல எடம் கிடையாது. அனு மேடம் பதறிப் போயி, நாளைக்குக் காலையில மொத வேலையா எடுத்துட்டு வரச் சொல்லுறேன் சேச்சின்னுச்சு. ஒரு சாயங்காலந்தானே, ஒண்ணும் வராதுன்னு நானும் மனசத் தேத்திக்கிட்டேன்.

வெளிச்சம் மங்குற நேரம், உள்ள மொதலாளி பேச ஆரம்பிச்சுட்டாரு. வெளி ரூமுல போன் அடிக்குது, எடுத்தேன். பொன்னுத்தாயி.

"அக்கா, டிஸ்பென்சரியில இருந்து பேசுறேன். நான்தான் பாத்தேன், எங்கண்ணால பாத்தேன். ஒரு ஆனையும் குட்டியும். நம்ம பாதையில, தண்ணித் தொட்டிக்கிட்ட. தல கீழ்ப் பக்கமா."

"செல்வி வந்துட்டாளா?"

"இல்லக்கா. அதுக்குத்தான் கூப்புடுறேன். பஸ்ஸு வர்ற நேரம். அந்தப் பாதையிலதான் ஏறுவா. நாங்க எறங்க முடியாது, நடுவுல நிக்குது. பாட்டப் போடுக்கா!"

செல்வி அப்ப பஜாருல ஒரு சாக்லேட் கடையில வேல பாத்துக்கிட்டு இருந்தா. கடைக்கு அடிச்சேன், கெளம்பிட்டான்னாங்க. அவ போனுக்கு அடிச்சேன், சிக்னல் இல்ல. டீக்கடையில போயி நிப்பா, ஆனைப் பாட்டு வராது, வழி சுத்தம்னு ஏறிருவா. அடுப்படிச் செவுத்துக்குத் தப்புனவளுக்கு இப்படியா வரணும்னு நெனச்சேன்.

மைக்குல நேரா ஆனை நிக்குதுன்னு சொல்லிரலாமேன்னு நீங்க கேப்பீங்க. சொன்னா என்ன ஆகும்? சீசன் கூட்டம். பஜாருல நிக்குற அத்தன ஜீப்பும் அந்த ரோட்டுல ஏறும். குட்டிய வச்சிருக்க ஆனைக்கு முன்னால ஆரன் அடிப்பானுங்க. அது எந்தப் பக்கம் ஓடும்? தல கீழ இருக்குன்னு பொன்னுத்தாயி சொல்லிட்டா. கீழ இருந்து வர்றது எங்க புள்ள.

கதவத் தள்ளிக்கிட்டு ஸ்டூடியோவுக்குள்ள போனேன். செவப்பு லைட்டு எரியுது. புது நிகழ்ச்சி நடத்துற ஆர்ஜே பையன் என்னப் பாத்து முழிக்கிறான். ரிசார்ட்டு மொதலாளி நீச்சக்கொளத்தப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்காரு. பையன் முன்னால இருந்த மைக்க எம்பக்கம் இழுத்தேன், கண்ண மூடிக்கிட்டுப் பாட ஆரம்பிச்சுட்டேன்.

நான் பேசப் பொறந்தவ, பாடப் பொறந்தவ இல்ல. கோயில் பஜனையிலகூட என்னப் பின்வரிசையிலதான் நிக்க வைப்பாங்க. தொண்ட கட்டிப் போச்சு, சுருதி எங்கயோ போகுது. பல்லவிய ஒரு தடவ பாடுனேன். கண்ணாடிக்கு அந்தாண்ட அனு மேடம் ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டு நிக்குது. திரும்ப மொதல்ல இருந்து பாடுனேன். சரணம் பாதிக்கு மேல மறந்துருச்சு, தெரிஞ்ச வரையும் பாடிட்டுத் திரும்பப் பல்லவிக்கே வந்தேன். கண்ணுல தண்ணி ஊத்துது, நான் நிறுத்தல. நிறுத்துனா வழி சுத்தம்னு ஆயிரும். எத்தன சுத்துப் பாடுனேன்னு எனக்கே தெரியல. மொதலாளி இது ஏதோ ஏற்பாடு பண்ண ஐட்டம்னு நெனச்சுக் கையத் தட்டுனாரு. கடைசியில அனு மேடம் உள்ள வந்து, மைக்க அமத்திட்டு, எந்தோளப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துச்சு. திட்டல. "சேச்சி, வீட்டுக்குப் போங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். ரிட்டயர்மெண்ட்டுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்துச்சு, அது வரைக்கும் லீவு போடச் சொல்லிட்டாங்க. பழைய பாட்டு நேரம் அதோட முடிஞ்சுது.

நான் வீட்டுக்குப் போகல. மாடிப்படியில உக்காந்துட்டேன். டிஸ்பென்சரிக்கு அடிச்சா பொன்னுத்தாயி அழுகுறா, செல்வி இன்னும் வரலக்கான்னு.

அப்பக் கீழ ஒரு ஜீப் வந்து நின்னுச்சு. பின்னால டூரிஸ்ட்டுக் குடும்பம் ஒண்ணு. முன்சீட்டுல இருந்து எறங்குறது செல்வி. படியேறி ஓடி வந்தவளக் கட்டிப் புடிச்சு, மூஞ்சியத் தடவித் தடவிப் பாத்தேன். அவளுக்கு ஒண்ணும் புரியல.

"என்ன பெரியம்மா? டீக்கடையில நின்னேன், ரேடியோவுல ஒரு ஆளு ரூமு, குளம்னு பேசிக்கிட்டே இருந்தான். டீக்கடைக்காரரு கடுப்பாகி ரேடியோவையே அமத்திட்டாரு. பாட்டு ஒண்ணும் வரலியேன்னு ஏற ஆரம்பிச்சுட்டேன். பாதி வழியில இந்தண்ணன் வண்டிய உள்ள வுட்டு, லைட்ட அணைச்சுட்டு, ஏறு ஏறுன்னு இழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு."

வண்டிக்குப் பக்கத்துல நிக்குறது சுடலை. தல நரைச்சுப் போச்சு அவனுக்கு. நான் எறங்கிப் போயி அவன் முன்னால நின்னேன்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"ரிசார்ட்டு மொதலாளி பேசுறாரு, அவரு கெஸ்டுகள ஏத்துற எல்லா வண்டியிலயும் ரேடியோவச் சத்தமா வைங்கன்னு உத்தரவுக்கா. நீங்க பாடுனீங்க. கீழ் டிவிஷன் பாட்டு. பஸ்ஸு வர்ற நேரம், டீக்கடையில பாத்தா ரேடியோ சத்தத்தையே காணோம், வண்டியத் திருப்பிட்டேன்."

"அது கீழ் டிவிஷன் பாட்டுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

"எங்கம்மா. அந்த அடுப்படி இடிஞ்ச வாரமே சொல்லிருச்சு. சத்தியத்த மீறிட்டேன், சாமி குத்தம் ஆயிரும்னு பயந்துக்கிட்டே சொல்லுச்சு. ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும்க்கா. அந்தப் பாட்டு வந்தா எவனும் அந்தப் பக்கம் வண்டியத் திருப்ப மாட்டோம். கெஸ்டு கேட்டா, இன்னைக்கு ஆனை எறங்கலன்னு சொல்லிருவோம்."

எவனுக்குத் தெரியக் கூடாதுன்னு பேரு சொல்லாமப் போட்டேனோ, ஹெட்மாஸ்டர்கிட்டப் பொய் சொன்னேனோ, இன்னைக்குத் தொண்ட கிழியப் பாடுனேனோ, அவனுங்களுக்கு மொத நாள்ல இருந்தே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் வெலகியும் போயிருக்கானுங்க.

"இத்தன வருஷமாவாடா?"ன்னு கத்திட்டேன். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நேரா மைக்குலயே சொல்லியிருப்பேனேடா!"

சுடலை வண்டிக் கதவு மேல கைய வச்சுக்கிட்டு என்னப் பாத்தான். கோவமாச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னான்.

"எப்படிக்கா சொல்ல? என்னக் கண்டா நீங்க ரோட்டத் தாண்டிப் போயிருவீங்களே."